காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள்: திருகோணமலையின் பல்லினத் தெருக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய கடை என்ற கடைத்தெருப் பக்கம் நான் வழமையாகக் கருவாடு வாங்கும் கடை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை காலை, மிச்சக் காசுக்காகக் காத்து நின்ற பத்து நிமிடத்தில் அந்த முதலாளி கதைத்த விதத்தைக் கவனித்தேன். பனையோலைப் பையோடு வந்த ஒரு அம்மா, "தம்பி, கட்டா இருக்கா?" என்றார். "ஓம் அம்மா, நேற்றுத்தான் இறக்கினது, உப்புக் குறைவு" என்று மறுமொழி. பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர் சலாம் சொல்லிக்கொண்டு வர, "வாங்க மாமா, வீட்ட எல்லாரும் சுகமா?" என்று குரல் மாறியது. அடுத்து ஒரு இளம் பெண்: "நானா, ஹால்மெஸ்ஸோ தியெனவாத?" "தியெனவா நங்கி" என்றபடியே நெத்தலிச் சாக்கை முன்னுக்கு இழுத்தார். கடைசியில், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்த வயதானவர் ஒருவரைப் பார்த்து, "என்ன அங்கிள், கனநாளாக் காணேல்ல" என்றார். இத்தனைக்கும் கையில் இருந்த தராசு ஆடவில்லை.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோணேசர் மலைக்கோயில், மான்கள், நிலாவெளிக் கடல் மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரும் அடுத்தடுத்த தெருக்களில் எப்படி வாழ்கிறார்கள் என்பது கண்ணுக்கு அவ்வளவு எளிதில் அகப்படாது. வீடுகள் ஒரே மாதிரித்தான் இருக்கும்: தகரப் படலை, முற்றத்தில் முருங்கை, மதிலில் வெயிலுக்கு வெளிறிய சுண்ணாம்பு. காதுக்குத்தான் தெருவுக்குத் தெரு வித்தியாசம் பிடிபடும். ஆகவே இந்த வழிகாட்டியைக் காதை முன்வைத்தே எழுதுகிறேன். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் பாதியை விட்டுவிடுங்கள். அவசரமாக முழுவதையும் சுற்ற வேண்டாம்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3,79,000 பேர். பத்துப் பேரில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மூன்றுக்குச் சற்றுக் குறைவாகச் சிங்களவர். இது மாவட்டக் கணக்கு. நகரத்துக்குள் தமிழர் அதிகம், கிண்ணியாவில் முஸ்லிம்கள், கந்தளாய், சேருவிலப் பக்கம் சிங்களவர். ஒரே பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போனால் மூன்று பெரும்பான்மைகளைக் கடந்துவிடலாம்.

முதலாம் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

கிழக்கில் மழைக்காலம் ஐப்பசிக்குப் பிறகுதான். மே முதல் செப்டம்பர் வரை வானம் வெளித்திருக்கும், ஆனால் கச்சான் காற்று அடிக்கும். மத்தியானத்தில் நடக்கவே முடியாது. விடிய ஐந்தரை முதல் ஒன்பதரை வரை, பின்னேரம் நான்கரைக்குப் பிறகு என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் படுத்து எழும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊரே அப்படித்தான்.

கிழமையும் பார்க்க வேண்டும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் இல்லை. ஞாயிறு காலை தேவாலயப் பக்கம் சனம் கூடும், பெரிய கடை ஓய்ந்திருக்கும். வியாழன் வந்து ஞாயிறு இரவு திரும்புவது எனக்குப் பிடித்த ஒழுங்கு.

திருவிழாவோடு சேர்த்து வர முடிந்தால் இரண்டைச் சொல்வேன். ஒன்று, சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப் பெருமான் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வரும் நாட்கள். தெருவுக்குத் தெரு நிறைகுடம் வைத்து, வாழை கட்டி, இரவு முழுக்க விழித்திருப்பார்கள். மற்றது நவராத்திரி. மற்ற ஊர்களில் அது கொலுவும் சுண்டலுமாக வீட்டுக்குள் நடக்கும். இங்கே கும்பத்துமால் கட்டிக் கும்பம் வைத்து, கடைசி இரவில் அலங்கரித்த கும்பங்களை ஏந்தி வீதிக்கு வருவார்கள். பறையும் உடுக்கும் சேர்ந்து ஒலிக்க, ஆடி வருகிறவர்களுக்குச் சனம் தண்ணீர் ஊற்றி வழிவிடும். அந்த இரவில் வழி கேட்கத் தேவையில்லை. பறை கேட்கும் பக்கம் போனால் போதும். பௌத்தரின் வெசாக் காலத்தில், இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் பந்தல்களில் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். நோன்பு மாதத்தில் பின்னேரம் நோன்புக் கஞ்சி மணக்கும். அப்போது பகலில் முஸ்லிம் தெருக்களில் நடந்துகொண்டே தண்ணீர் குடிப்பதையும் வாயில் எதையும் போடுவதையும் தவிருங்கள்.

இரண்டாம் படி: வந்து சேர்தலும் தங்குதலும்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் நல்லது. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை ஒருபக்கம் பிரிய, மறுபக்கம் கந்தளாய், தம்பலகாமம் வழியாக நீங்கள் திருகோணமலை வருவீர்கள். விடியும்போது சன்னலோரம் இருந்தால் தம்பலகாமத்து வயலும் கொக்கும் தெரியும். நேரத்தைப் புறப்படும் கிழமையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி விடுதிகளில் தங்க வேண்டாம் என்பேன். அங்கே கடல் இருக்கிறது, ஊர் இல்லை. நகரத்துக்குள், மத்திய வீதிக்கோ டச்சுக்குடாவுக்கோ கிட்ட ஒரு சாதாரண அறை போதும். விடிய பாங்கும் கோயில் மணியும் தேவாலய மணியும் விகாரையின் பிரித் ஓதலும் படுக்கையிலேயே கேட்க வேண்டும். எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதல் நாள் காலை படுத்தபடியே கணித்துப் பாருங்கள். அன்றைக்கு நடக்க வேண்டிய வரைபடம் அதுதான்.

மூன்றாம் படி: எப்படிக் கூப்பிடுவது என்று கற்றுக்கொள்ளுதல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஊரில் ஆளைக் கூப்பிடும் சொல்தான் கதவு.

தமிழ்க் கடைகளில் ஐயா, அம்மா, அண்ணை, அக்கா, தம்பி, பிள்ளை எல்லாம் செல்லும். வயதில் மூத்தவரை 'நீங்கள்' என்றே சொல்லுங்கள். முஸ்லிம் கடைகளில் உங்களுக்கு மூத்த ஆண் நானா, மூத்த பெண் ராத்தா. வாப்பா, உம்மா என்பவை வீட்டுக்குள் பிள்ளைகள் சொல்வது. பழகிய வீட்டில் அவர்களே "உம்மாட்ட கேளுங்க" என்று சொல்லத் தொடங்கினால், நீங்கள் அந்த வீட்டுக்கு வேண்டியவராகிவிட்டீர்கள். பாலையூற்றுப் பறங்கிக் குடும்பங்களில் அங்கிள், அன்ரி.

சிங்களத்தில் ஒரு சுழி இருக்கிறது. அக்கா அவர்களுக்கும் அக்காதான், அம்மாவும் அம்மாதான். ஆனால் அவர்களின் 'அய்யா' அண்ணன். நம் ஐயா பெரியவருக்கு, மரியாதைக்கு; அவர்களுடையது உடன்பிறப்புக்கு. இருபத்தைந்து வயது ஓட்டோக்காரரை "அய்யே" என்று கூப்பிட்டால் அவர் முகம் மலரும். எழுபது வயதுக்காரரை அப்படிக் கூப்பிட்டால் ஒரு கணம் யோசிப்பார். தம்பி மல்லி, தங்கச்சி நங்கி. மச்சான் மட்டும் எல்லாருக்கும் பொது. கடற்கரையில் பந்தடிக்கும் பொடியன்கள் எந்த மொழியில் சண்டை பிடித்தாலும் இடையில் அந்த ஒரு சொல் வந்து விழும்.

மொழி தெரியாவிட்டால் தெரியாது என்று சிரித்துச் சொல்லுங்கள். தெருக் கடைகளில் இருமொழிக்காரர்கள் அதிகம். உங்களுக்காக ஒருவர் பக்கத்துக் கடையிலிருந்து எழும்பி வருவார்.

நான்காம் படி: முதல் விடியல், கடற்கரையும் சந்தையும்

விடிய ஐந்தரைக்குத் திருக்கடலூர்ப் பக்கம் கடற்கரைக்குப் போங்கள். கரைவலை இழுக்கும் நாளாக இருந்தால் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பது தெரியும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அம்பா பாடுவார்கள். பாட்டு வேகம் எடுத்தால் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். மடி மணலில் ஏறிய உடனே பாட்டு நின்று, காகமும் நாயும் வியாபாரியும் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். சூடையும் கீரியும் துள்ளும். இடையில் ஒரு கணவாய் மை கக்கும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டாம். "நானும் ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேளுங்கள், இடம் விடுவார்கள். கயிறு ஈரமாக, சொரசொரப்பாக இருக்கும், கை சிவந்துவிடும். நான் முதன்முதல் இழுத்த அன்று ஒரு பெரியவர் பேசாமல் என் பிடியைத் திருத்தி, கயிற்றை இடுப்புக்கு இறக்கிவிட்டார். பத்து நிமிடத்தில் தோள் நோவு போய்விட்டது.

மே மாதத்துக்குப் பிறகு வந்தால், நீர்கொழும்பு, சிலாபப் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டிருக்கும் மீனவர்களையும் இந்தக் கரையோரத்தில் காணலாம். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும் என்பதுதான் காரணம். பல தலைமுறையாக நடக்கும் இடப்பெயர்வு இது. கரையோர மீனவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு, சில வருடங்களில் சண்டையும் உண்டு. அதையும் அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

அங்கிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வாருங்கள். பஸ் நிலையமும் மீன் சந்தையும் இங்கேதான். முதல் காலைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும், ஒரு முஸ்லிம் கடையில் பாணும் ஆணமும். 'ஆணம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் வீட்டில் குழம்பு, குழம்புக்கறி என்போம். முஸ்லிம் வீடுகளில் அது ஆணம். பழந்தமிழ்ச் சொல், அவர்கள் வீட்டு அடுப்படியில் உயிரோடு இருக்கிறது. அடுத்த நாள் காலைக்கு அபயபுரப் பக்கம் போய்க் கிரிபத்தும் (பாற்சோறு) லுணுமிரிஸும் (மிளகாய்ச் சம்பல்) சாப்பிடுங்கள். மூன்று இடத்திலும் தேத்தண்ணி ஒரே கடுப்பம், சீனிதான் கூடிக் குறையும்.

சந்தையில் படம் எடுப்பது பற்றி ஒரு சொல். பல வருடத்துக்கு முன்பு மீன் வெட்டும் ஒரு அம்மாவை அனுமதி கேளாமல் எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை, கத்தியைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் போகும்வரை முந்தானையை எடுக்கவில்லை. அந்த இருப்பு எனக்கு மறக்கவே இல்லை. இப்போது முதல் சுற்றில் தொலைபேசியை வெளியே எடுப்பதில்லை. வாங்கி, கதைத்து, இரண்டாம் நாள் அதே இடத்துக்குப் போகும்போது கேட்கிறேன். பெரும்பாலும் "எடுங்க" என்பார்கள், சிலர் தலை சீவிவிட்டு வருவார்கள்.

ஐந்தாம் படி: கோட்டை வாசலில் ஐந்து நிமிடம்

மலைக்கோயிலுக்கு எல்லாரும் போவார்கள், ஆகவே வழி சொல்லத் தேவையில்லை. நான் சொல்வது கோட்டை வாசலில் நிற்பதைப் பற்றி. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் தங்கள் அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் பெயரை வைத்தார்கள், அதுதான் இன்றைய பிரெட்றிக் கோட்டை.

வாசல் நிலைக் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரட்டைக் கயல் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கும். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (இங்கே போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று முன்கூட்டியே பாடியதாகச் சொல்லப்படும் வரிகள் அவை. கோயிலை இடித்தவர்களின் கோட்டை வாசலிலேயே அந்த எழுத்து நிற்கிறது. இன்றைக்கு உள்ளே இராணுவ முகாமும் உண்டு, கோகர்ண விகாரையும் உண்டு, மேலே கடலுக்கு மேல் கோணேசரும் உண்டு. முகாமைப் படம் எடுக்காதீர்கள். மான்களுக்குப் பொலித்தீன் பையில் எதையும் நீட்டாதீர்கள். பையோடு விழுங்கிச் செத்துப்போகின்றன.

விகாரைக்குள் போகும்போது செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது பெரிய அவமரியாதை. கோயிலில் ஆண்கள் சட்டை கழற்ற வேண்டிய இடங்கள் உண்டு, மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தொழுகை முடிந்த பிறகு வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள்.

ஆறாம் படி: டச்சுக்குடாவின் பின்னேரம்

கோட்டையிலிருந்து இறங்கி டச்சுக்குடா ஓரமாக நடந்தால் நீல நிறப் புனித மரியாள் பேராலயம், பழைய பாடசாலைகள், அகன்ற மரங்கள். உள்ளே திரும்பினால் மைதானத்தடியில் பத்திரகாளி அம்பாள் கோயில். பின்னேரப் பூசைக்கு நின்று பாருங்கள், மேள ஒலி நெஞ்சில் இடிக்கும். அந்தப் பக்கத்துப் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதி கிடக்கிறார்; 1852இல் பர்மாவில் இறந்தவர், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. பசுக்கள் நிழலுக்கு ஒதுங்கும் இடத்தில் அந்தக் கல்.

இருட்டும் நேரம் மறுபடி கடற்கரை. எல்லா இனத்துச் சனமும் ஒரே இடத்தில் கூடுவது இங்கேதான். கச்சான் (நிலக்கடலை) சுருள், இறால் வடை, பட்டம். ஒரு குடும்பம் அபாயாவோடு தண்ணீரில் கால் நனைக்கும், பக்கத்தில் பாவாடை சட்டையோடு பிள்ளைகள், அதற்கப்பால் சிங்களப் பாடசாலைப் பொடியன்கள்.

இதே கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்ட, 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது முஸ்லிம்கள் ஊரோடு கிளம்பிக் கந்தளாய்க்கு நடந்தார்கள்; தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர் 17 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். சிங்களக் கிராமங்களும் இரவோடிரவாகக் காலியான வருடங்கள் உண்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் 2005இல் எழும்பிய புத்தர் சிலையைச் சுற்றி ஊர் எப்படிக் கொதித்தது என்பதை வயது வந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள், ஆனால் முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். "பிரச்சினை காலத்தில்" என்று அவர்களே தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் இடையில் பேசாமல் கேளுங்கள். யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மற்றத் தெருவில் கேட்டதை இந்தத் தெருவில் கொண்டுவந்து ஒப்பிடவும் வேண்டாம்.

ஏழாம் படி: பாலையூற்று

இரண்டாம் நாள் காலையைப் பாலையூற்றுக்கு வையுங்கள். லூர்து அன்னை திருத்தலத்தால் அறியப்பட்ட இடம். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இந்தப் பக்கம் வாழ்கின்றன. தச்சு, இரும்பு, இயந்திரத் திருத்தம், தையல் இவர்கள் கைவந்த தொழில்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய தலைமுறை அருகிவிட்டது. திருமண வீடுகளில் வயலின் வாசித்து ஆடும் கபிரிஞ்ஞாவில் அது இன்னும் ஒலிக்கிறது. இன்றைக்கு இவர்கள் உங்களோடும் என்னோடும் கதைப்பது தமிழ்தான்.

இங்கே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். யாராவது உள்ளே கூப்பிட்டால், அந்த வீட்டுக்குள் இருக்கும் சாமான்களின் பெயர்களை மனதுக்குள் சொல்லுங்கள். வாசலில் கழற்றியது சப்பாத்து. உட்கார்ந்தது வாங்கு. எதிரே மேசை, சுவரோரம் அலுமாரி, அதில் தொங்குவது சாவி, வெளிச்சம் வருவது சன்னலால். அன்ரி கொண்டுவந்து வைத்தது பாண். குசினியில் தாச்சி, சட்டையில் பொத்தான், பழத்தட்டில் அன்னாசி. அத்தனையும் போர்த்துக்கேயர் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்தவை. கந்தோர் ஒல்லாந்தச் சொல். ஒல்லாந்தரின் சிப்பாய்களாக வந்த மலாயர் விட்டுப்போன சம்பலும் சாரமும் இல்லாத வீடு இந்தத் தீவில் எது? நான் பாலையூற்றில் ஒரு வீட்டில் இதைச் சொன்னபோது அந்த வீட்டுப் பெரியவர் கனநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் பேசாமல் விட்டதை நீங்கள் பேசுறீங்கள்" என்றார். பிறகு தன் தாத்தாவின் உளிப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வோர் உளியின் பிடியிலும் விரல் பதிந்த பள்ளம் இருந்தது.

கூப்பிடாமல் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். பூசை முடிந்து திருத்தல முற்றத்தில் நின்று கதைக்கும் நேரம்தான் பழக வாய்ப்பு.

எட்டாம் படி: கிண்ணியா

பஸ்ஸில் ஏறுங்கள், ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சீனக்குடாவைத் தாண்டும்போது காட்டுக்குள் கறுத்த எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தால் கவனியுங்கள். ஆங்கிலேயர் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அதில் ஒன்று எரிந்து அழிந்தது.

முன்பு கிண்ணியாவுக்குப் போக 'பாதை' ஏற வேண்டும். பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, வாகனத்தையும் ஆளையும் சுமந்து அக்கரை சேர்க்கும் மிதவை. கடைசிப் பாதை போய்விட்டால் இரவு இக்கரையில்தான். பிள்ளைப்பேற்று வலியோடு பாதைக்குக் காத்திருந்த கதை கிண்ணியாவில் பல வீடுகளில் உண்டு. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது; சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்டது. பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தே கடந்து போங்கள். கீழே தூண்டில் போடும் பொடியன்கள், தூரத்தில் கொட்டியாரக் குடா, கண்டல் மரங்கள்.

ஊருக்குள் தமிழின் மெட்டு மாறுவதை இங்கே நன்றாகக் கேட்கலாம். வாக்கியம் நீண்டு, முடிவில் மெல்ல ஏறும். அரபுச் சொல்லும் பழந்தமிழ்ச் சொல்லும் ஒரே மூச்சில் வரும். கடைத்தெருவில் மத்தியானம் சாப்பிட்டு, வட்டிலப்பம் கேளுங்கள். பெண்கள் தலையை மூடத் துணி ஒன்றை வைத்திருப்பது நல்லது. கட்டாயம் அல்ல, ஆனால் பார்வை இலகுவாகும். ஆண்கள் அரைக்காற்சட்டை வேண்டாம்.

நேரம் இருந்தால் அப்படியே மூதூருக்குப் போகலாம். கொட்டியாரம் என்ற பழைய பெயருக்குரிய நிலம் இது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடம். மகாவலி கடலோடு சேருவதும் இந்தக் குடாவில்தான். மூதூருக்குத் தெற்கே தமிழ் பேசும் வேடர் குடிகளும் இருக்கிறார்கள். அவர்களை வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டத்தோடு சேராதீர்கள். அந்த ஊர் ஆள் ஒருவரின் அழைப்பு இருந்தால் மட்டும் போங்கள்.

ஒன்பதாம் படி: வடக்கே ஒரு சுற்று

மூன்றாம் நாள் ஓட்டோ ஒன்றை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பே தொகையையும் நிற்கும் இடங்களையும் சொல்லி முடியுங்கள்.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறை. வெட்டிய புல், வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றிலும் இருபது, இருபத்தொரு வயதுகள். அதற்குப் பிறகு சல்லி முத்துமாரியம்மன், கடலுக்கு முகம் காட்டி நிற்பவள். திரும்பிக் கன்னியா: ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்கு அந்தியேட்டி செய்த இடம் என்று தமிழர் இன்றும் முப்பத்தோராம் நாள் கடனுக்கு இங்கே வருகிறார்கள். இது பௌத்த மரபிடம் என்று இன்னொரு தரப்பு. வழக்கு வரை போன விடயம். குளிக்கிறவர்கள் இடையில் யாராவது ஈர உடையோடு மௌனமாக நின்றால், அவர் உல்லாசத்துக்கு வந்தவர் அல்ல என்று புரிந்துகொண்டு இடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் விட்டாலும் விடக் கூடாத ஒன்று பெரியகுளத்தருகே இருக்கும் வெல்கம் விகாரை. தமிழர் அதை நாதனார் கோயில் என்றார்கள். சோழர் ஆட்சியில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. புத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தமிழர்கள் கொடுத்த கொடைகள் தமிழ்க் கல்வெட்டில் அங்கே இருக்கின்றன. இன்றைய சண்டையில் தமிழன் என்றால் சைவன், பௌத்தன் என்றால் சிங்களவன் என்று எல்லாரும் வரிசை பிரித்து நிற்கிறோம். அந்தக் கல்லின் முன் நின்று, எழுத்துக் கூட்டி ஒரு வரியை வாசித்துப் பாருங்கள். எனக்கு 'பெரும்பள்ளி' என்ற சொல் பிடிபடவே கால் மணித்தியாலம் எடுத்தது. பின்னால் மலர்த் தட்டோடு வந்த ஒரு சிங்களக் குடும்பம், நான் விரலால் தடவுவதைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அந்த வீட்டு அம்மா தட்டிலிருந்து ஒரு நெலும் (தாமரை) பூவை எடுத்து என் கையில் தந்தார்.

பத்தாம் படி: திரும்பும் நாள்

ரயிலுக்கு முன் கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி. வாயைக் கடதாசியால் மூடிக் கயிறு போட்டுக் கட்டித் தருவார்கள். கையிலேயே வைத்திருங்கள், தட்டில் ஏற்றினால் கல்லோயா வளைவில் சரியும்.

பிறகு பெரிய கடைக்குப் போய்க் கருவாடு வாங்குங்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ரயிலுக்கு என்று சொன்னால் மூன்று சுற்றுக் கடதாசியில் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பையும் போட்டுத் தருவார்.